கிராஸ்ஸா, நெட்டா?

எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்தது இது. கேசரி, மிக்சர், காபி எல்லாம் ஆனதும் பெண்ணின் மாமா மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளைக்குச் சம்பளம்...?" என்று இழுத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"கிராஸ் இருபத்தெட்டாயிரம். பிடித்தம் போக வீட்டுக்குக் கொண்டு வாரது இருபத்தி நாலாயிரத்துச் சொச்சம். அதுல ஆண்டவருக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு. மிச்சம்தான் உங்க பிள்ளைக்கு."

கூடத்தில் கனத்த மௌனம். போச்சு, கேசரியோடு சரி என்று நினைத்தேன். பெண்ணின் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, அப்போ நீங்க தசமபாகம் கிராஸ்லயா போடுதிய? நாங்க நெட்லதான் போடுதோம்!"

அவ்வளவுதான். அடுத்த முக்கால் மணி நேரம் இரண்டு அப்பாக்களும் பி.எஃப்., ஆண்டவர், பஞ்சப்படி என்று விவாதம் செய்தார்கள். பெண் பார்க்க வந்தவனை யாரும் கவனிக்கவில்லை. அந்த இடைவெளியில் நானும் அவளும் ஒருவரையொருவர் நன்றாகவே பார்த்துக்கொண்டோம். கல்யாணம் நிச்சயமாயிற்று. கிராஸ்-நெட் பிரச்னை மட்டும் இன்று வரை இரண்டு குடும்பத்துக்கும் நடுவே நிலுவையில் இருக்கிறது.

விஷயம் புரியாத வாசகர்களுக்கு: தசமபாகம் என்றால் பத்தில் ஒன்று. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்கென்று எடுத்து வைப்பது. நெல் அளந்த காலத்தில் சிக்கல் இல்லை. பத்து மரக்காலுக்கு ஒரு மரக்கால். மனிதனுக்கு பே ஸ்லிப் என்று ஒன்று வந்த பிறகுதான் வம்பு.

*

அப்பா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி வாத்தியார். திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், இடையன்குடிப் பக்கம், செம்மண் தேரிக்காட்டை ஒட்டின ஊர் எங்களுடையது. வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு ஆணியில் தொங்கும். ஒவ்வொரு மாதமும் முதல் வரி 'ஆண்டவருக்கு'. இரண்டாவது வரி பால். மூன்றாவது மளிகை. எனக்குக் கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடுத்த முதல் பாடப் புத்தகம் அதுதான்.

பாளையங்கோட்டையில் பி.காம். சேர்ந்த முதல் வருஷம், வரவில் மூலதன வரவு வேறு, வருவாய் வரவு வேறு என்று வாத்தியார் நடத்தினார். அதைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை ஊருக்கு ஓடினேன்.

"அப்பா, பி.எஃப். நீங்க கையில வாங்காத காசு. அதுக்குத் தசமபாகம் போடறது அக்கவுண்ட்ஸ்படி தப்பு."

"வாங்காத காசுக்கு ஏம்ல ஸ்லிப்புல என் பேரைப் போட்டுருக்கான்?"

"ரிட்டயர் ஆகும்போது வருமே, அப்போ போடுங்க."

"அதுக்குள்ள நான் செத்துட்டா? கடன்காரனா போய் நிக்கவா?"

அடுத்த கேள்வி என்னிடம் இல்லை. ஆனால் அப்பாவைச் சும்மா நினைத்துவிடாதீர்கள். 2013-ல் ஓய்வு பெற்று அந்தப் பணம் மொத்தமாக வந்தபோது, அசலுக்கு ஏற்கெனவே போட்டாச்சு என்று கணக்குப் பார்த்து, வட்டிக்கு மட்டும் பத்தில் ஒன்று எடுத்து வைத்தார். இரட்டை வரி விதிப்பைத் தவிர்க்க நாடுகள் ஒப்பந்தம் போடுகின்றன. எங்க அப்பா ஆண்டவரோடு போட்டிருந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை என்பது மற்றப் பையன்களுக்கு லீவு. எங்களுக்கு அன்றைக்குத்தான் வேலை. காலையில் ஞாயிறுபள்ளி, மனப்பாட வசனம், பிறகு ஆராதனை. அந்த நாளில் தூர்தர்ஷனில் ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு 'சக்திமான்'. டி.வி. இருந்தது பக்கத்து வீட்டு ஆச்சி வீட்டில். கோயிலில் பிரசங்கத்தைப் பன்னிரண்டுக்கு முன்னால் முடித்து அனுப்புவார்களா என்பதுதான் என் சிறு வயதின் மிகப்பெரிய விசுவாசப் பரீட்சை. பிரசங்கத்தில் "மூன்றாவதாக" என்று ஆரம்பித்தால் சக்திமான் அம்பேல்.

நான் நெளிவதைப் பார்த்துவிட்டு அப்பா காதருகே குனிவார். "கால்டுவெல் ஐயர் முப்பத்திமூணு வருஷமா ஒரு கோயிலைக் கட்டுனாருல. ஒனக்கு ஒரு மணி நேரம் உக்கார முடியலியா?"

அது நிஜம்தான். 1841-ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் எழுதி முடித்துவிட்டார். ஊர்க் கோயில் முடிந்தது 1880-ல்தான். புத்தகத்தைவிடக் கட்டடம் கஷ்டம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

'கால்டுவெல் ஐயர்' என்றேனே, அதற்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை 'ஐயர்' என்போம். அவர் மனைவி 'ஐயரம்மா'. இது தெரியாமல், சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "நேத்து எங்க ஊர் ஐயர் எங்க வீட்டுல ஆட்டுக்கறி சாப்பிட்டாரு" என்று வெள்ளந்தியாகச் சொல்லப்போய், பக்கத்து சீட் மயிலாப்பூர் நண்பர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அம்மாவின் மார்க்கம் தனி. நோட்டு, பேனா ஒன்றும் கிடையாது. உலையில் போட அரிசி எடுக்கும்போது, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் பக்கத்திலிருக்கும் மண்பானையில் போடுவாள். காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. அது சேர்ந்ததும் கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். 1903-ல் திருநெல்வேலிக்காரர்கள் இந்திய மிஷனெரி சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரன் காசு வேண்டாம், நம் ஊர்க் காசில், நம் ஊர் ஆட்களை அனுப்புவோம் என்பது ஏற்பாடு. அன்று நிஜாம் ஆட்சியில் இருந்த, இன்று தெலங்கானாவில் இருக்கும் டோர்ணக்கல்லுக்கு ஆட்கள் போனார்கள். அதை முன்னின்று நடத்திய வெள்ளாளன்விளை அசரியா 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். பெரிய சரித்திரம்தான். ஆனால் அடுப்படியில் அது ஒரு கைப்பிடி அளவில்தான் இருந்தது. கொடுப்பதற்குப் பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை என்று எனக்கு யாரும் பிரசங்கம் செய்யவில்லை. தினமும் இரண்டு வேளை கண்ணால் பார்த்தேன்.

*

எல்லாம் சந்தனம், ஜவ்வாது என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் வீட்டில் பொய் சொல்லாதே என்று வளர்த்திருக்கிறார்களே!

இந்த வளர்ப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. சினிமாவுக்குப் போகிறவன் நரகத்துக்குப் போவான் என்று பத்து வயதில் நான் மனப்பூர்வமாக நம்பினேன். வகுப்பில் யார் யாருக்கு எந்த இடம் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தேன். காலேஜில் முதல் முறையாகத் திருநெல்வேலியில் ஒரு தியேட்டருக்குப் போனபோது படம் மனசில் ஒட்டவே இல்லை. இடைவேளை நேரத்தில் இயேசுவின் இரண்டாம் வருகை நடந்து தொலைத்துவிட்டால், கையில் முறுக்குப் பொட்டலத்தோடு பிடிபடுவேனே என்ற பயம். குற்ற உணர்ச்சியை எனக்குப் புகட்ட வேண்டியதே இல்லை. பாலோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று, பொங்கல். பக்கத்து வீட்டு ஆச்சி வருஷா வருஷம் தூக்குச் சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வருவாள். அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று, ஆச்சி அந்தப் பக்கம் போனதும் மாட்டுக்குப் போய்விடும். முந்திரிப் பருப்போடு அது தொட்டியில் விழுவதைப் பார்த்து நான் மாட்டின் மீது பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு வருஷம் ஆச்சி வாசலில் நின்றபடியே சொன்னாள்: "டீச்சரம்மா, இது படைக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சது. பிள்ளைக்குக் குடுங்க."

எத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியும் என்று தெரியவில்லை. தெரிந்தும் கோபப்படாமல், தன் சாமிக்கு முன்னால் எங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறாள். அம்மா (வாத்தியார் பெண்டாட்டி என்பதால்தான் 'டீச்சரம்மா', படிப்பு எட்டாவது) அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் ஆச்சியின் பேரைச் சொல்லி வெகு நேரம் அழுதாள். அயலானை நேசிப்பது எப்படி என்று ஞாயிறுபள்ளியில் படித்தது நான். செய்து காட்டியது ஆச்சி. அன்றோடு என் நரகப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். இன்று நான் படைத்தது, படைக்காதது எதையும் விடுவதில்லை. என் இடுப்பு அளவே சாட்சி.

*

இப்போது 2003-க்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஜூலை முதல் வாரம் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அந்த லட்சத்து எழுபதாயிரத்தில் ஒருவர் எங்க அப்பா. அது போதும்.

எனக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. அப்பா சங்கத்தில் பெரிய ஆள் எல்லாம் இல்லை. ஓய்வூதியத்தில் கை வைத்ததைக் கேட்பது சரி என்று நினைத்தார், போனார். பள்ளிக்கூடத்து மணியடிக்கிற நேரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கை எதையாவது தேடிக்கொண்டே இருந்தது. சாக்பீஸாக இருக்கும்.

மாதம் பிறந்தால் சம்பளம் இல்லை. மளிகைக் கடையில் அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே கஷ்டமாக இருந்தது. ரேஷன் அரிசிதான் உலையில். அப்போதும் அம்மா ஒரு பிடியை எடுத்துப் பானையில் போடுவதைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நமக்கே இல்ல. இதுல என்னம்மா பிடி அரிசி?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "நமக்கு ஒரு மாசம் சம்பளம் இல்ல. அது போய்ச் சேருற வீட்டுல என்னைக்குமே இல்ல."

மாதக் கடைசியில் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடந்தபோது ஒரு வழி பிறந்தது. நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டு, இனி நடத்தை விதிகளை மீற மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால், பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

ஊரே மூச்சு விட்டது. எங்க வீட்டில் மட்டும் புதுப் பிரச்னை. மன்னிப்பு என்பதை அப்பா சாதாரணமாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. சின்ன வயதில் நான் தம்பியை அடித்துவிட்டு "ஸாரி" என்றால் விடமாட்டார். "நெசமா வருத்தப்படுதியா? வருத்தம் வந்தப்புறம் வந்து சொல்லு. அது வரைக்கும் சொல்லாத" என்பார். அப்பேர்ப்பட்டவர், தப்பு என்று தான் நினைக்காத ஒன்றுக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு நாள் அந்தக் காகிதம் பைபிளுக்குக் கீழே கிடந்தது. ஐயர் வீட்டுக்கு வந்தார். "பிள்ளைகளைப் பாருங்க வாத்தியாரே" என்றார். சித்தப்பா வந்து கத்திவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குள் ஒரு அசட்டுச் சந்தோஷம். 'மாட்டிக்கிட்டீங்களா? நீங்களும் எங்களை மாதிரிதான்!'

ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம்போலக் குடும்ப ஜெபம். அப்பா பைபிளைத் திறக்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"இன்னைக்கு ஒரு பொய்ல கையெழுத்துப் போட்டுருக்கேன். வருத்தப்படுதேன்னு எழுதியிருக்கு. நான் வருத்தப்படல. உங்களுக்குச் சோறு வேணும்னு போட்டேன். இதை நாலு பேரு சொல்லி நீங்க தெரிஞ்சுக்கிடக் கூடாது. அதான் நானே சொல்லுதேன்."

ஐம்பதை நெருங்குகிற மனிதர், அரை டிராயர் பையன்களுக்கு முன்னால். சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாதான் பேசினாள். "அந்தக் கடுதாசியில கையெழுத்துதான் உங்களது. முந்தாநாள் ராத்திரி போடச் சொன்னது நான். பாதி என் கணக்குல எழுதுங்க."

என் அசட்டுச் சந்தோஷம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அப்பா அது வரை பொய் சொல்லாதவர் என்பதால் எனக்கு அவரிடம் பயம் இருந்தது. அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

*

2014 மார்ச். சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்தேன். வருமான வரியில் அப்போது ஒரு சலுகை இருந்தது. வருஷத்துக்கு 15,000 ரூபாய் வரை மருந்து, வைத்தியச் செலவுக்கு பில் கொடுத்தால் அந்தத் தொகைக்கு வரி கிடையாது. விளைவு? ஆண்டு முழுக்க தும்மல்கூட வராத எங்கள் ஆபீஸ், மார்ச் வந்தால் ஜெனரல் ஆஸ்பத்திரி ஆகிவிடும். கிரிக்கெட் டீம் கேப்டனுக்கு மூட்டு வலி. இருபத்திரண்டு வயது டைப்பிஸ்ட்டுக்கு ரத்தக் கொதிப்பு. எல்லா பில்லும் ஒரே கடை, ஒரே கையெழுத்து, அடுத்தடுத்த நம்பர். அவற்றைச் சரி பார்த்து டிக் அடிக்கும் புண்ணியவான் அடியேன்.

இரண்டு வருஷம் நான் பில் கொடுக்கவில்லை. "பதினஞ்சாயிரத்தை விட்டுக் கொடுக்கிறியே, உனக்கு வைத்தியமே தேவைப்படுது" என்று மானேஜர் சிரித்தார். ஆனால் அந்த வருஷம் மே மாதம் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ், மோதிரம், சென்னையில் வீடு பிடிக்க முன்பணம். ஒரு சாயங்காலம் அந்த மருந்துக் கடைக்கே போனேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மருந்தா, பில்லா?"

"பில்."

"யார் பேர்ல?"

எனக்கு ஒரு வியாதியும் இல்லை. வாயில் வந்தது அப்பா பேர்தான். "சுகர் மாத்திரைன்னு போட்டுடுங்க" என்றேன்.

தேரிக்காட்டு வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த மனிதரை, சென்னையில் ஒரு கவுண்ட்டரில் நின்று சர்க்கரை நோயாளி ஆக்கினேன். எனக்கு மிச்சமான வரி, பத்து சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் சேர்த்து 1,545 ரூபாய். பைபிளில் ஒரு ஆள் வாங்கினது முப்பது வெள்ளிக்காசு. இன்றைய மதிப்பில் எவ்வளவு வரும் என்று அன்று ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. தூக்கமும் வரவில்லை. பிறகு கல்யாணக் களேபரத்தில் மறந்தும் போனேன்.

ஆவணி மாதம் அம்மாவிடமிருந்து போன். "கோயில்ல இலவச மருத்துவ முகாம் போட்டாங்க. அப்பாவுக்குச் சுகர் இருக்காம்ல."

பேனா கையிலிருந்து விழுந்தது என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். நிஜமாகவே விழுந்தது. நான் எழுதியது பலித்துவிட்டது, என் பொய்க்கு அப்பா தண்டனை அனுபவிக்கிறார் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. பி.காம். படிப்பு, வயது இருபத்தாறு, எதுவும் உதவிக்கு வரவில்லை. இடைவேளையில் முறுக்கோடு பயந்த அதே பையன்தான் உள்ளே உட்கார்ந்திருந்தான். அன்று ராத்திரியே திருநெல்வேலி பஸ் ஏறினேன்.

*

அப்பா திண்ணையில் இருந்தார். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். மருந்துக் கடை, பில், 1,545 ரூபாய். அப்பா வெகு நேரம் வேப்ப மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் மார்ச்லயே சுகர் பேஷண்ட். எனக்குத்தான் சேதி லேட்டா வந்துருக்கு."

"விளையாடாதீங்கப்பா. நான் அப்படி எழுதினதாலதான் உங்களுக்கு..."

"ஏல, கோட்டி மாதிரிப் பேசாத. ஒன் பில்லைப் பாத்து எனக்கு வியாதி குடுக்குற ஆண்டவருக்கா நான் இத்தனை வருஷமா கிராஸ்ல போட்டேன்? சுகர் வந்தது ஒன் பில்லால இல்ல. முதலூர் மஸ்கோத் அல்வாவால."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "கால் கிலோ வாங்குனேம்பாரு. வீட்டுக்கு வந்து சேருறது நூறு கிராம்தான். மிச்சம் வழியிலேயே பிடித்தம்!"

(பரம்பரை, வயது, எடை என்று டாக்டர்கள் வேறு காரணங்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டுத் தீர்ப்பு அல்வாதான்.)

மூன்று பேரும் சிரித்தோம். ஐந்து மாதப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்பா விடவில்லை.

"சரி, அந்த ஆயிரத்து ஐநூத்தி நாப்பத்தஞ்சை என்ன செய்யப்போற?"

"ஞாயிற்றுக்கிழமை காணிக்கையில போட்டுடறேன்."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "கவர்மெண்டு காசை எடுத்துக் கோயிலுக்குக் குடுப்பியா? ஒருத்தன்கிட்ட எடுத்ததை இன்னொருத்தன்கிட்ட குடுத்தா கணக்கு சரியாகுமா? இதுக்கா நீ பி.காம். படிச்ச?"

நான் தலை குனிந்தேன். அப்பாவின் குரல் இறங்கியது.

"நான் அன்னைக்குப் போட்ட கையெழுத்தைத் திரும்ப எடுக்க எனக்கு வழியில்ல. ஒனக்கு ஏதும் வழி இருக்கா?"

யோசித்தேன். "இருக்குப்பா. ரிவைஸ்டு ரிட்டன்னு ஒண்ணு இருக்கு."

"அப்படீன்னா?"

"முதல்ல போட்டது தப்புன்னு ஒத்துக்கிட்டு, சரியான கணக்கைத் திரும்பப் போட்டு, பாக்கியைக் கட்டுறது."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அட! இன்கம் டாக்ஸ்லயும் மனந்திரும்புதல் இருக்கா!"

சென்னைக்குத் திரும்பி, திருத்திய ரிட்டன் போட்டு, சலான் 280-ல் பணத்தைக் கட்டினேன். வரித் துறையிலிருந்து பாராட்டுக் கடிதம் ஒன்றும் வரவில்லை. ஆபீஸில் நான் காந்தி ஆகிவிடவும் இல்லை. அடுத்தடுத்த மார்ச் மாதங்களிலும் மற்றவர்களின் மூட்டு வலிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் டிக் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். என் பில்லை மட்டும் கொடுக்கவில்லை. 2018-19 கணக்கு ஆண்டிலிருந்து அந்தச் சலுகையையே எடுத்துவிட்டு, பில் இல்லாமலே நிலையான கழிவு 40,000 ரூபாய் என்று கொண்டுவந்தார்கள். ஒரே பட்ஜெட்டில் எங்கள் ஆபீஸ் முழுக்கச் சொஸ்தமாயிற்று. இப்படி ஒரு அற்புத சுகமளிக்கும் கூட்டத்தை நான் எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை.

*

வளர்ப்பு என்றால் பெற்றோர் நமக்குச் சொன்ன புத்திமதிகள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வசனங்களில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஞாபகத்தில் நிற்பவை வேறு. இல்லாத மாதத்திலும் பானைக்குள் விழுந்த ஒரு பிடி அரிசி. தன் பொய்யைத் தானே பிள்ளைகளிடம் சொன்ன அப்பா. பாதியைத் தன் கணக்கில் எழுதச் சொன்ன அம்மா. பயத்தையும் அவர்கள்தான் கொடுத்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பயந்து ஓடி வந்தவன் உட்கார ஒரு திண்ணையும் வைத்திருந்தார்கள். தப்பு செய்தால் வீட்டில் சொல்லலாம் என்று தெரிந்திருந்ததே, அது போதாதா சார்?

இப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. எங்கள் சென்னை ஃபிளாட்டில் மண்பானை இல்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் என் மனைவி பிடி அரிசி போடுகிறாள். மகள் தன் சின்னக் கையால் ஒரு பிடி போட்டுவிட்டு, "இது கிராஸ்ஸா, நெட்டாப்பா?" என்று கேட்கிறாள். தாத்தாக்கள் இரண்டு பேரும் போனில் சண்டை போடுவதைக் கேட்டு வளர்கிற பிள்ளை.

வேலையை விட்டுவிட்டு எழுதிப் பிழைக்க ஆரம்பித்த பிறகு என் சிக்கல் வேறு. இந்தக் கட்டுரைக்கு வரும் சன்மானத்தில் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்தாலும் பிடிப்பார்கள். ஆண்டவருக்குப் பத்து சதவீதம், பிடித்தத்துக்கு முன்னாலா, பின்னாலா?

அப்பாவிடம் போனில் கேட்டேன்.

"முதல்ல அவங்க பணம் அனுப்பட்டும்ல!" என்றார்.